படி கேட்டால் லைட்டைக் காட்டுகிறார்கள்

மஹிந்திரா தார் மாதிரி ஒரு வண்டிக்கு மோட்டார் வைத்த சைடு ஸ்டெப் வாங்கக் கிளம்பியவர்கள் யாராவது நிம்மதியாக வீடு திரும்பியிருக்கிறீர்களா? கதவைத் திறந்தால் தானாக இறங்கி, மூடினால் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும் படியைச் சொல்கிறேன். நல்ல பொருள். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அவசியமான பொருளும்கூட. ஆனால் அதை விற்கிறவர்களிடம் அதைப் பற்றி உருப்படியாக ஒரு கேள்விக்குப் பதில் வாங்க முடியவில்லை. வயிறு எரிகிறது.

எங்களுடையது 2020-இல் வந்த மூன்று கதவு தார். தரையில் இருந்து வண்டியின் அடிப்பாகம் 226 மில்லிமீட்டர். உட்காரும் இடம் அதற்கும் மேலே எங்கோ இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் என் தோள் என்று பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து ஏறுவார். பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கித் தள்ளிவிட்டு எல்லோரும் அதே ஒரு பக்கமாக ஏற வேண்டும். அதாவது குடும்பத்தின் மொத்த ஏற்ற இறக்கமும் இடப்பக்கத்து ஒற்றைப் படியின் மேல்தான். டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் கிடக்கிறது. மழையில், சரிவில், சேற்றில் அந்த ஸ்டூலை நம்பி ஒரு எழுபது வயது மனுஷியை ஏற்ற முடியுமா?

சரி, நிலையான படியே போதாதா என்று கேட்பீர்கள். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம், பூம்பாறை, மன்னவனூர் தாண்டி எங்காவது தோட்டத்து மண் பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால், தாழ்வாகத் தொங்கும் படிதான் முதலில் பாறையில் உட்காரும். படியைத் தூக்கி வைத்தால் அம்மாவால் ஏற முடியாது, இறக்கி வைத்தால் வண்டி போகாது. இந்தச் சிக்கலுக்குத்தான் மடங்கும் படி. அலங்காரத்துக்கு இல்லை.

சென்னை ஜிபி ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எந்தக் கடையிலும் முதலில் காட்டுவது லைட். படி இறங்கும்போது நீல வெளிச்சம், தரையில் விழும் லோகோ, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி ஒரு ஜிகினா. பையன் ரிமோட்டை அமுக்கி ஏற்றி இறக்கிக் காட்டுகிறான், கூட நிற்கிறவர்கள் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டேன். "முந்நூறு கிலோ சார், யானையே ஏறலாம்." ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா? பதில் இல்லை. நடுவில் நின்றாலா, ஓரத்தில் மிதித்தாலா? முறைக்கிறார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடை பற்றி ஒரு வரி இல்லை.

இது வம்புக்குக் கேட்கும் கேள்வியா? படி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆள் மிதிப்பது பெரும்பாலும் அதன் வெளி விளிம்பில். சும்மா நிற்கும்போது இருக்கும் எடை வேறு, ஒரு காலில் மொத்த உடம்பையும் ஊன்றி எம்பும்போது விழும் விசை வேறு. அந்த முறுக்கு மொத்தமும் இரண்டு கீல்கள் வழியாகப் பிராக்கெட்டுக்கும், பிராக்கெட்டில் இருந்து போல்ட்டுக்கும் போகிறது. அந்த போல்ட் எங்கே பிடிக்கிறது? தார், சேஸிஸ் என்கிற ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் வண்டி. கனமான சேஸிஸில் மாட்டுகிறீர்களா, இல்லை கதவுக்குக் கீழே இருக்கும் மெல்லிய பாடித் தகட்டில் மாட்டுகிறீர்களா? இதைக் கேட்டால், "கம்பெனி ஓட்டையிலேயே உட்காரும் சார், டிரில்லிங்கே கிடையாது" என்கிறார்கள். எந்த ஓட்டை என்பதுதானே கேள்வி!

அடுத்தது தண்ணீர். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லித்தான் இந்த வண்டியையே விற்கிறார்கள். படியின் மோட்டார் தொங்குவது அதற்குக் கீழேதான். ஓடையைக் கடந்தால் மோட்டார் முழுசாக முங்கும். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல ஐபி என்று ஒரு தர எண் இருக்கிறது. ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். ஐபி65 என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தாங்கும், முங்கினால் பொறுப்பு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு புது மோட்டாரின் விலை. கடைக்காரரிடம் எண் என்ன என்று கேட்டால், "வாட்டர் ப்ரூஃப்தான் சார், வாட்டர் வாஷ் பண்ணலாம்." வாட்டர் வாஷுக்கா இந்த வண்டி வாங்கினோம்?

வயரிங் இதைவிடக் கொடுமை. கதவு திறந்தது படிக்குத் தெரிய வேண்டும். அதற்குக் கதவுச் சட்டத்தில் காந்த சென்சார் ஒட்டலாம், கதவு லைட்டின் வயரில் இருந்து எடுக்கலாம், மெக்கானிக் கருவி மாட்டிக் கோளாறு பார்க்க ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகலாம். ஒவ்வொன்றிலும் ஒரு தொல்லை இருக்கிறது. ஓபிடியில் எப்போதும் செருகிக் கிடக்கும் சில பெட்டிகள் வண்டியின் கம்ப்யூட்டரைத் தூங்க விடாது. நாலு நாள் நிறுத்திவிட்டு வந்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். வயரை வெட்டினால் வாரன்டி கேள்விக்குறி. ஒரு கடையில் வேறொரு வண்டிக்கு மாட்டிக்கொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தேன். ஹார்னஸ் என்கிற கம்பெனி வயர்க் கட்டின் உறையைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த வயரைப் பல்லால் உரித்து, அதன் மேல் இன்னொரு வயரை முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார். சால்டரிங் இல்லை, கப்ளர் இல்லை. பேட்டரியில் இருந்து வரும் தடித்த சிவப்பு வயர் பானெட்டின் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டு போனது. அதற்கு உறையும் இல்லை, பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸும் கண்ணில் படவில்லை. உரசி உரசித் தோல் உரிந்தால் என்ன ஆகும்? வண்டி எரியும். நாளிதழில் 'மின்கசிவு' என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அந்த வண்டிக்காரர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: படி வெளியே நீட்டிய நிலையில் மோட்டார் நின்றுவிட்டால் என்ன செய்வது? கையால் உள்ளே தள்ள வழி உண்டா? எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும், எந்த அளவு ஸ்பேனர்? காட்டுப் பாதையில் நடுவில் மாட்டிக்கொண்டால், நீட்டிய படியோடு ஒரு திருப்பம்கூடத் தாண்ட முடியாது. பாறையில் சிக்கிப் பாடித் தகட்டையும் சேர்த்துப் பிய்த்துவிடும். "அப்படியெல்லாம் நிக்காது சார்" என்பதா இதற்குப் பதில்? மோட்டார் என்றால் ஒரு நாள் நிற்கும். அன்றைக்கு என்ன செய்வது என்று சொல்லாமல் விற்பது அயோக்கியத்தனம்.

அமெரிக்காவில் இந்த மாதிரிப் படிகளை ரொம்ப காலமாக விற்கும் ஏஎம்பி ரிசர்ச் நிறுவனம் ஒரு பக்கத்துக்கு 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ என்று எண்ணாகவே சொல்கிறது. சேறும் மண்ணும் புகுந்து சத்தம் வந்தால் படியை இறக்கி வைத்துக் கீல்களை வேகமான தண்ணீரால் கழுவு, மோட்டார் மேல் நேராக அடிக்காதே, கழுவியபின் கீல் ஊசிகளில் மட்டும் சிலிகான் ஸ்ப்ரே போடு, மிதிக்கும் பலகையில் போடாதே, வழுக்கும் என்று வழிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு சின்னத் தாளில் அடங்கும் விஷயம் இது. இங்கே என்னிடம் ஒரு மெக்கானிக் கிரீஸை அப்பச் சொன்னார். செம்மண் பாதையில் ஓடும் வண்டியின் அடியில் கிரீஸ் அப்பினால் மண் அதில் ஒட்டி, காய்ந்து, கீலையே அரைத்துவிடும்.

சட்டம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததில் இருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மடங்கும் படி அதில் வருமா வராதா என்று விற்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? முன்னால் இரும்பு பம்பரை மாட்டிவிட்டபோதும் "ஒண்ணும் ஆகாது சார்" என்றுதான் சொன்னார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்ன பிறகு கழற்றிப் போட்டது யார் காசு?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மடங்கிய பிறகும் இந்தப் படி மறைந்து போய்விடுவதில்லை. பலகையும் கீலும் மோட்டாரும் கதவுக்கடியில் ஒரு பொதியாகத் தொங்கும். அது எத்தனை அங்குலம் என்று ஒரு விளம்பரத்திலும் இல்லை. மேட்டை ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டாமல் இருக்கும் கோணம் இந்த வண்டிக்கு 27 டிகிரி. அதில் எவ்வளவு போகும் என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாதா? பாறையில் உரசினால் வண்டியின் எடையைத் தாங்க ராக் ஸ்லைடர் என்று கனமான இரும்புக் குழாய் போடுவார்கள். இந்தப் படி அந்த வேலையைச் செய்யாது. இதன் அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கவும் கூடாது. "ரெண்டு வேலையும் இதுவே பாத்துக்கும்" என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அரை லட்சத்தைத் தொடும் பணம் இது. கேட்பது என்ன? தரையில் இருந்து இறங்கிய படி எவ்வளவு உயரம், மடங்கியபின் எவ்வளவு தொங்கும், ஒரு பக்கம் எத்தனை கிலோ, போல்ட் பிடிக்கும் இடத்தின் ஒரு போட்டோ, மோட்டாரின் ஐபி எண், நின்றுபோனால் கையால் மடக்கும் வழி, உதிரி மோட்டார் தனியாகக் கிடைக்குமா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அன்றைக்கே முழுப் பணத்தையும் வைக்கிறேன். இதை நாலு கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று. ஒருவர்கூட ஒரு எண்ணும் அனுப்பவில்லை. மூன்று பேர் நீல லைட் எரியும் வீடியோவை அனுப்பினார்கள். நாலாவது ஆள் லைட்டை சிவப்பாகவும் மாற்றலாம் என்றார்.