முதலில் அந்தப் பசை டப்பாவைக் கீழே வையுங்கள்

செயற்கைப் புல்லில் ஓர் இணைப்பு வாய் பிளந்தால் போதும், பசை டப்பாவோடு ஓடி வந்துவிடுகிறார்கள். பிதுக்கு, அமுக்கு, மேலே நாலு செங்கல்லை வை, வேலை முடிந்தது. அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி பிளக்கிறது. மறுபடி பசை. மூன்றாவது தடவை "சரக்கே சரியில்லை" என்று புல்லுக்குத் திட்டு. புல் பாவம்! அது படுத்திருப்பது களிமண் மேல். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுகிறார்களா?

களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதையும் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் செய்யாது. மரத்தடி சீக்கிரம் காயும், தண்ணீர் ஒழுகும் குழாயடி காயவே காயாது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கினால் நடுவில் இருக்கிற இணைப்புதான் இழுபடும். ஓரத்தில் அடித்த ஆணியின் கதையும் இதுதான். மண் உப்பும்போது ஆணி கொஞ்சம் மேலே வரும், சுருங்கும்போது அதைச் சுற்றி இடைவெளி விழும். எழும்பிய ஆணியை அதே ஓட்டையில் திரும்ப அடிப்பவர்களுக்குக் கும்பிடு. அந்த ஓட்டை ஏற்கெனவே லூசு. பழைய இடத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, 15 செ.மீ. நீளத் துத்தநாகம் பூசிய ஆணியை அடித்தால்தான் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து, ஆரம்பத்திலேயே களிமண்ணைத் தோண்டி ஜல்லி கொட்டி, தண்ணீர் வெளியேற வழியே வைக்காமல் மூடுவது. அது அடித்தளமா, தொட்டியா? புல்லின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஜோராக இறங்கும், ஜல்லிக்குள் நிற்கும், அதற்குக் கீழே போகாது. மேலே ஆள் நடக்க நடக்க, குழைந்த களிமண் ஜல்லி இடுக்குகளில் பிதுங்கி ஏறும், ஜல்லி சேற்றுக்குள் முங்கும். பள்ளம் அப்படித்தான் விழுகிறது. நாய் வளர்க்கிற வீடு என்றால் மூத்திர நாற்றமும் அங்கேயே தங்கும்.

இதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களைக் கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. "கம்பியைக் காய்ச்சி இன்னும் பத்து ஓட்டை போடு." தொட்டியின் மூடியில் ஓட்டை போட்டால் தொட்டி வடியுமா? "பள்ளத்தில் மணலைத் தள்ளு." அந்த மணல் ஒரு பருவத்தில் சேற்றோடு கலந்து காணாமல் போகும். "களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்துவிடு." கொஞ்சம் மணல் கலந்த களிமண், காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். "ஜிப்சம் தூவு." சோடியம் மிகுந்த களிமண்ணுக்குத்தான் அது வேலை செய்யும், மற்றதில் போட்டது வீண். எல்லாவற்றுக்கும் சிகரம், ஜல்லிக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது. தண்ணீர் இறங்காத மண்ணுக்கு ரெயின்கோட்!

உருப்படியாகச் சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் சேதம் எங்கே என்று பாருங்கள். 2 மீட்டர் நேர்ச்சட்டம் ஒன்றைப் புல் மேல் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். தரை மட்டமாக, கெட்டியாக இருந்து, இணைப்பு மட்டும் பிரிந்திருந்தால் பசை வேலை போதும். 1 செ.மீ.க்கு மேல் பள்ளம், அல்லது மிதித்தால் தளதளவென்று அசைகிறது என்றால் புல்லை உரித்தே ஆக வேண்டும்.

அதற்காக நடுவில் கத்தி போடாதீர்கள். இழைகளுக்கு நடுவே தூவியிருக்கும் இடைமணலை விறைத்த பிரஷ்ஷால் வாரி எடுத்துவிட்டு, பக்கத்து ஓரத்தின் ஆணிகளைப் பிடுங்கி, விரிப்பை மடித்துத் திருப்புங்கள். சேறு கலந்த ஜல்லி முழுவதையும் அள்ளி வெளியே போடுங்கள். கழுவித் திரும்பப் போடலாம் என்ற கஞ்சத்தனம் வேண்டாம். களிமண் ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேலையே கிடையாது. கையில் பிடித்து உருட்டினால் பிசுபிசுவென்று கயிறாக நீளுகிற மண்ணை எந்த இயந்திரமும் இறுக்காது, ரப்பர் மாதிரி எழும்பும்.

கெட்டியான மண் வரும்வரை, குறைந்தது 12 முதல் 15 செ.மீ. தோண்டி, அடிமண்ணுக்கே வாட்டம் கொடுங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. குறைந்தபட்சம், 2 செ.மீ. என்றால் நிம்மதி. பலர் மேல்பரப்புக்கு மட்டும் வாட்டம் கொடுத்துவிட்டு அடியைத் தட்டையாக விடுகிறார்கள். தண்ணீர் நிற்பதே அடியில்தானே ஐயா? தாழ்ந்த ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, உடம்பெல்லாம் துளை போட்ட 10 செ.மீ. விட்டமுள்ள வடிகால் குழாயைத் துணி சுற்றிப் பதித்து, அதன் வாயைத் தாழ்வான இடத்தில் திறந்துவிடுங்கள். வாய் இல்லாத குழாய் இன்னொரு தொட்டி.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவில் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி. தண்ணீரை விடும், சேற்றை விடாது. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று 30 செ.மீ. ஏற வேண்டும். அதன் மேல் சிறிதும் பெரிதும் கலந்த உடைத்த ஜல்லி, 10 செ.மீ. உருண்டைக் கூழாங்கல் ஆகாது, ஒன்றோடொன்று கவ்வாமல் உருளும். 1 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பிடிக்கும். மொத்தமாகக் கொட்டி இறுக்கினால் மேல்தோல்தான் இறுகும், ஆகவே 5 செ.மீ. அடுக்காகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, அதிர்ந்து அமுக்கும் தட்டு இயந்திரமான பிளேட் காம்பாக்டரை ஓட்டுங்கள். சின்ன இடத்துக்குத் திமிசு போதும். கடைசியாகக் கல் துகள் 2 செ.மீ., சட்டம் இழுத்து மட்டம். பழைய தளத்தோடு சேருமிடத்தைப் படியாக வெட்டிச் சேர்க்காவிட்டால் அந்தக் கோட்டிலேயே மறுபடி இறங்கும்.

பசை டப்பாவை இப்போது எடுங்கள். காய்ந்த பழைய பசையோடு கூடிய ஓரத்தை இரு பக்கமும் பின்புறத்திலிருந்து, இழை வரிசைகளுக்கு நடுவே வெட்டுங்கள். மேலிருந்து வெட்டினால் இழைகள் மொட்டையாகும். இரு துண்டுக்கும் நடுவே இடைவெளி, இழை வரிசைகளுக்கு நடுவே இருக்கும் அதே அளவுதான். நெருக்கினால் மேடு தெரியும், விட்டால் கோடு தெரியும். கீழே 30 செ.மீ. அகல இணைப்பு டேப், அதில் பல் கரண்டியால் பாலியூரித்தேன் பசை. நீரில் கரையும் பசையை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். பின்புறம் ஈரமாக இருந்தால் பாலியூரித்தேன் நுரைத்துப் பொங்கும். உச்சி வெயிலில் ஒட்டாதீர்கள், விரிந்த புல் இரவில் சுருங்கி இடைவெளி திறக்கும். மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, பிறகுதான் இடைமணலைப் போட்டு வார வேண்டும்.

ஒட்டுத் துண்டை மட்டும் புது ரோலில் வெட்டிப் போடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தப் பளிச்சென்ற பச்சைக் கட்டம் உங்கள் கண்ணை உறுத்தவில்லையா? பழைய புல் வெயிலில் வெளிறியிருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி முன்னால் போடுங்கள், புதியதை அந்த மூலையில் வையுங்கள். இழை சாயும் திசையையும் பார்த்துத் தொலையுங்கள். எதிர்த் திசையில் வைத்தால் அதே புல்லே வேறு நிறமாகத் தெரியும்.