அடுத்தவர் தட்டைப் பார்த்து மூக்கைப் பொத்தாதீர்கள்

"இதையெல்லாம் எப்படித்தான் சாப்பிடுறீங்களோ?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதில் தெரிந்துகொள்ளவா கேட்கிறார்கள்? முகத்தைச் சுளித்து, மூக்கைப் பொத்தி, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்கிறார்கள். எதிரே இருப்பவர் வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கும். என்னவோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி, "இல்லைங்க, எங்க பக்கம் இது வழக்கம்" என்று விளக்கம் கொடுக்க ஆரம்பிப்பார். சாப்பிட உட்கார்ந்த மனுஷனை எதற்குக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், விஷயம் முடிந்தது. யாரும் உங்கள் வாயில் திணிக்கவில்லையே.

இதில் என்னை உச்சத்துக்குக் கொண்டுபோவது வீடியோக்காரர்கள். ஸ்வீடனின் சுர்ஸ்ட்ரோமிங் மீன் டப்பாவை வைத்து எத்தனை பேர் பிழைப்பு நடத்துகிறார்கள்! பால்டிக் கடல் ஹெர்ரிங் மீனைக் குறைந்த உப்பில் பீப்பாயில் புளிக்கவைத்து, தகர டப்பாவில் அடைக்கிறார்கள். அடைத்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டே இருப்பதால் டப்பா உப்பி நிற்கும். வடக்கு ஸ்வீடன்காரர்களுக்கு இதில் ஒரு முறை இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் மூன்றாவது வியாழன் சீசன் தொடங்கும். டப்பாவை வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் திறப்பார்கள். சிலர் வாளித் தண்ணீருக்குள் முக்கித் திறப்பார்கள். குடலை எடுத்து, மீனைச் சுத்தம் செய்து, துன்ப்ரோட் என்கிற மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பொடியாக நறுக்கிய வெங்காயம் எல்லாம் பரப்பி, நடுவில் கொஞ்சமாக மீனை வைத்து மடித்துச் சாப்பிடுவார்கள்.

நம் வீடியோக்காரர் என்ன செய்கிறார்? சன்னலைக்கூடத் திறக்காத அறையில் உட்கார்ந்துகொண்டு டப்பாவைக் குத்துகிறார். தண்ணீர் பீய்ச்சி முகத்தில் அடிக்கிறது. ரொட்டி இல்லை, கிழங்கு இல்லை. குடலோடு முழு மீனைத் தூக்கி வாயில் போடுகிறார். பிறகு பக்கத்தில் முன்கூட்டியே எடுத்துவைத்த வாளிக்குள் தலையை விடுகிறார். வாந்தி எடுப்பதற்கு வாளி வைத்திருக்கிறார், சாப்பிடுவதற்கு ஒரு துண்டு ரொட்டி வாங்கத் தோன்றவில்லை! இதைப் பார்த்துவிட்டு ஆயிரம் பேர் கீழே "ஸ்வீடன்காரன் மனுஷனா?" என்று எழுதுகிறான்.

ஆஸ்திரேலியாவின் வெஜிமைட்டுக்கும் இதே கதிதான். 1920களில் மதுபான ஆலைகளில் மிஞ்சிய யீஸ்ட்டிலிருந்து உருவாக்கப்பட்ட, உப்பு கரிக்கிற கறுப்புக் களிம்பு அது. வெண்ணெய் தடவிய டோஸ்ட்டில், அடியில் இருக்கிற வெண்ணெய் தெரிகிற அளவுக்கு லேசாக இழுக்க வேண்டும். இவர்கள் ஒரு மேசைக்கரண்டி வழித்து அப்படியே முழுங்குகிறார்கள். உப்பு டப்பாவை வாயில் கவிழ்த்துக்கொண்டு உப்பு கெட்ட பொருள் என்று தீர்ப்பு சொல்வது மாதிரி இருக்கிறது.

வீடியோவையாவது அணைத்துவிடலாம். பக்கத்து நாற்காலியை என்ன செய்வது? எங்கள் அலுவலகத்தில் கொஞ்ச காலம் ஜப்பானியர் ஒருவர் வேலை பார்த்தார். மதியம் ஒருநாள் நாட்டோ கொண்டுவந்திருந்தார். வேகவைத்த சோயா மொச்சையை ஒரு வகை பாக்டீரியா புளிக்கவைப்பதுதான் நாட்டோ. சின்ன டப்பாவைத் திறந்து, கடுகு விழுதும் சோயா சாஸும் விட்டு, குச்சியால் வேகவேகமாகக் கலக்கினார். கலக்கக் கலக்க நூல் நூலாக இழுபட்டு வெள்ளை நுரை கட்டியது. சுடுசோற்றின் மேல் கவிழ்க்கப் போன நேரத்தில், எங்களில் ஒருத்தர் "சீ, என்னங்க இது, சளி மாதிரி" என்று சத்தமாகச் சொன்னார். மேசை முழுக்கச் சிரிப்பு. அவருக்கு மொழி புரியவில்லை, முகம் புரிந்துவிட்டது. லேசாகத் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார். அதற்குப் பிறகு அவர் மதியத்துக்கு சாண்ட்விச் தவிர வேறு எதுவும் கொண்டுவந்து நான் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஜப்பானிலேயே நாட்டோவுக்கு எதிர்க்கட்சி உண்டு. கிழக்கே மிட்டோ பக்கம் கொண்டாடுவார்கள், மேற்கே ஒசாகா பக்கம் "எனக்கு வேண்டாம்" என்பவர்கள் நிறைய. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துகொள்வது உள்வீட்டுச் சண்டை. இரண்டு பேருக்கும் அது என்னவென்று தெரியும். ஒரு பருக்கைகூட நாக்கில் வைக்காத நாம் எந்த உரிமையில் நடுவில் நுழைகிறோம்?

"நாறுதே, நான் என்ன செய்ய?" என்பார்கள். சரி, அந்த மூக்கின் யோக்கியதையைப் பார்ப்போம். லிம்பர்கர் என்கிற பாலாடைக்கட்டியின் மணத்துக்குக் காரணமான பாக்டீரியாவின் நெருங்கிய சொந்தம் மனிதக் காலில் குடியிருக்கிறது. மலேரியா பரப்பும் ஒரு வகைப் பெண் கொசு மனிதக் கால் வாடைக்கும் லிம்பர்கர் வாடைக்கும் ஒரே மாதிரி மயங்குகிறது என்று காட்டியவர்களுக்கு 2006இல் இக் நோபல் பரிசே கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற ஆய்வுகளுக்கான பரிசு அது. 2001இல் வந்த இன்னோர் ஆய்வில் ஒரே அமிலக் கலவையை ஒருதரம் 'பார்மசான் சீஸ்' என்று சொல்லியும் இன்னொருதரம் 'வாந்தி' என்று சொல்லியும் முகரக் கொடுத்தார்கள். சீஸ் என்றதும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வாந்தி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்த மூக்கை நம்பித்தான் அடுத்தவர் சமையலுக்கு மார்க் போடுகிறோம்!

அதிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிரான்ஸின் குகையில் பச்சையும் நீலமுமாகப் பூசணம் பிடித்து வருகிற ரோக்ஃபோர் சீஸ் நல்ல பீங்கான் தட்டில் வந்தால் அதைப் புகழ்ந்து பேசத் தெரிந்தவர் ரசனை உள்ளவர். தைவான் தெருவில் டோஃபு என்கிற சோயாக் கட்டியைப் புளிக்கவைத்துப் பொரித்துக் கொடுத்தால் "ஐயோ நாத்தம்". இரண்டுமே நுண்ணுயிர் செய்கிற வேலைதான். காசும் அந்தஸ்தும் ஒட்டிக்கொண்ட நாற்றத்துக்கு மட்டும் மரியாதை. கறுப்புக் காபியின் கசப்பை, பீரின் கசப்பை முகம் சுளித்துச் சுளித்துப் பழகிக்கொண்டவர்கள்தான் இங்கே பழக்கமே தெரியாதவர்கள் மாதிரி நடிக்கிறார்கள்.

நாக்கு பழகும். வயிற்றுக்குள் இருக்கும்போதே பழக ஆரம்பிக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு காரட் சுவையுள்ள கூழைக் கொடுத்தபோது முகம் சுளித்தது குறைவு என்று 2001இல் ஆய்வு வந்தது. அப்படியென்றால் ஒருத்தர் விரும்பிச் சாப்பிடும் பொருளைப் பார்த்துக் காறித் துப்பும்போது, அவரைச் சுமந்தவள் தின்று அவருக்குக் கொடுத்ததன் மேலேயே துப்புகிறீர்கள்.

பெரியவர்களுக்கும் பழகும். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், டார்வின் காலத்து இயற்கை விஞ்ஞானி, மலாக்காவில் டுரியன் பழத்தை முதலில் பார்த்தபோது வாடை தாங்காமல் ஒதுக்கியவர். பிறகு போர்னியோவில் மரத்தடியில் பழுத்து விழுந்த ஒன்றை வெட்டவெளியில் தின்று பார்த்தார். அன்றோடு அதன் பரம ரசிகராகிவிட்டார். அதே பழந்தான், இடமும் பக்குவமும் மாறியிருந்தது. சிங்கப்பூர் மெட்ரோவில் டுரியன் கொண்டுவரக் கூடாது என்று போட்டிருக்கிறார்களே என்று சிலர் மடக்குவார்கள். மூடிய பெட்டியில் எல்லோரும் மூச்சுவிட வேண்டும், அது நியாயமான விதி. பழத்தைக் கொண்டுவராதே என்கிறதே ஒழிய, தின்கிறவனைக் கேவலமாகப் பார் என்று அந்தப் பலகை சொல்லவில்லை.

ஏனென்றால் தட்டில் ஆரம்பிக்கிற கேவலம் தட்டோடு நிற்பதில்லை. கொரியாவின் ஜொல்லா பகுதியில் திருக்கை வகை மீனைப் புளிக்கவைத்து, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் அமோனியா நெடியோடு, பன்றி இறைச்சியும் கிம்ச்சி என்கிற புளித்த காய்கறியும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். விசேஷங்களுக்கு அது இல்லாமல் முடியாது. அந்த மீனின் பெயரையே இன்று இணையத்தில் ஜொல்லாக்காரர்களைத் திட்டுகிற வசவாக்கி வைத்திருக்கிறார்கள், சொந்த நாட்டுக்காரர்களே. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஐஸ்லாந்தின் சுறாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியுமா? கிரீன்லாந்துச் சுறாவின் இறைச்சியைப் பச்சையாகத் தின்றால் விஷம். அதைச் சரளைக்குள் புதைத்து, வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டால் தின்னத் தகுந்ததாகிறது. பயிர் விளையாத குளிரில், விஷத்தை உணவாக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய சனங்களின் அறிவு அது. அதைத்தான் 2018இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் 'அருவருப்பு உணவு அருங்காட்சியகம்' என்று திறந்து கண்ணாடிக்குள் வைத்தார்கள், நுழைவுச் சீட்டே வாந்திப்பை. அருவருப்பு ஊருக்கு ஊர் மாறும் என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. மரியாதை சொல்லிக்கொடுக்க வாந்திப்பை எதற்கு?

நிஜமாகவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கொத்தமல்லித் தழை சிலருக்கு சோப்பு மாதிரி இருப்பதில் வாசனை உணரும் ஒரு மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று 2012இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தழையை ஓரமாக ஒதுக்கினால் ஒதுக்கட்டும். அவரைப் பிடித்து, "ஒரு வாய், ஒரே ஒரு வாய், எனக்காக" என்று விடாமல் துரத்துகிற கூட்டத்தின் மேலும் எனக்கு இதே அளவு கோபம்தான். பந்தயம் கட்டி ஊட்டுவது, சாப்பிடாவிட்டால் நீ நம்ம ஆளே இல்லை என்பது, குழந்தையின் தாடையைப் பிடித்துத் திணிப்பது, எல்லாம் அராஜகம். புது ருசி பிள்ளைகளுக்குப் பிடிக்க, பத்துத் தடவைக்கு மேல்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றுதான் ஆராய்ச்சி சொல்கிறது. மிரட்டினால் வெறுப்புதான் மிஞ்சும். ஒரு துண்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். தொட்டால் தொடட்டும். தொடாவிட்டால் நீங்களே எடுத்துச் சாப்பிடுங்கள், உங்களுக்குத்தான் பிடிக்குமே!