குழுவுக்குள் வந்து பழகட்டும்

இணையக் குழுவுக்குச் செயலி வடிவமைப்பவர் அந்தக் குழுவிலேயே உறுப்பினராகப் புழங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பது நூற்றுக்கு நூறு சரி. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

அரபிகா வகைக் காபிச் செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டின் புழு இறங்கினால் பட்டைமேல் மெல்லிய மேடு ஓடும். அதைப் படமெடுத்து விவசாயிகள் குழுவில் போட்டு ‘அதுதானா பாருங்க’ என்று கேட்போம். நாங்கள் சேர்ந்த ஒரு செயலி படத்தைச் சுருக்கியதில் அந்த மேடே மறைந்துபோனது! பதிவு போடத் தலைப்பு, வகை என்று கட்டங்கள் வேறு. பழம் பறித்த பிசுபிசுப்புக் கையோடு, சிக்னல் வந்து வந்து போகும் சரிவில் நின்று யார் நிரப்புவது? குரல் பதிவுக்கோ வழியே இல்லை. கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பினார்கள், அதுவும் அறுவடை மும்முரத்தில். ஒரு பருவம் எங்களோடு பேசிப் பழகியிருந்தால் கேட்காமலே தெரிந்திருக்கும்.

உள்ளே புழங்குபவருக்குத்தான் தேவை தெரியும் என்பதற்கு ஒரு சான்று: ட்விட்டரில் ஹேஷ்டேக்கை (# குறியிட்ட தலைப்புச் சொல்லை) 2007இல் முன்மொழிந்த கிறிஸ் மெசினா அந்த நிறுவன ஊழியர் அல்ல. அங்கே புழங்கிய ஒரு வடிவமைப்பாளர்.

ஒன்று மட்டும்: வருகிறவர் இன்னார் என்று சொல்லிவிட்டு வரட்டும், ஒளிந்திருந்து குறிப்பெடுக்க வேண்டாம். அப்படி ஒருவர் வந்தால் முதல் வேலையாக அந்தப் படச் சுருக்கத்தை எடுக்கச் சொல்வோம்.