மகள் கேட்ட கேள்வி

சனிக்கிழமை என் மகளின் பாடசாலையில் பரிசளிப்பு விழா என்று சொல்லி ஒரு வேட்பாளருக்கு வாக்குக் கேட்டதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். படங்களும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு, எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகள் சாப்பிட உட்கார்ந்தபடி கேட்டாள்: "அப்பா, அந்த ஐயா வென்றால்தான் எங்களுக்கு ஆய்வுகூடம் வருமாம். நீங்கள் அவருக்குத்தானே போடுவீர்கள்?" அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அரசாங்கப் பாடசாலைக்குள் தேர்தல் பிரசாரம் நடக்கக் கூடாது. எந்தக் கட்சியும் நடத்தக் கூடாது. நான் வாக்களிக்கும் கட்சியும்தான்.

அது பரிசளிப்பு விழா, பிரசாரம் இல்லை என்கிறார்கள். மேடையில் அந்த வேட்பாளரின் விருப்பு இலக்கத்தை, அதாவது வாக்குச்சீட்டில் அவருக்குரிய எண்ணைச் சொல்லி, அதைப் பிள்ளைகளைக் கொண்டு மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார்கள். பரிசு வாங்கிய பிள்ளையின் கையில் சான்றிதழோடு துண்டுப்பிரசுரத்தையும் கொடுத்தார்கள். இதற்குப் பரிசளிப்பு என்று பெயரா?

விடுமுறை நாள்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். விடுமுறை நாளில் அந்தப் பிள்ளைகளைச் சீருடையோடு வரச் சொன்னது யார்? பாண்ட் வாத்தியக் குழுவை வாசலில் நிறுத்தியது யார்? வாக்குச்சாவடியே பாடசாலையில்தானே என்று இன்னொருவர். ஆம், அங்கேதான் வாக்களிக்கிறோம். ஆனால் வாக்களிப்பு நாளன்று அதே வாசலில் நின்று யாரும் வாக்குக் கேட்க முடியாது. அந்த ஒரு நாள் கட்டடத்துக்கு இருக்கும் மரியாதை மற்ற நாட்களில் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இல்லையா? 2001இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம், தேர்தல் காலத்தில் அரச சொத்தை வேட்பாளருக்காகவோ கட்சிக்காகவோ பயன்படுத்துவதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. பாடசாலை மண்டபம் அரச சொத்து. இதில் விளங்காதது என்ன?

நான் ஒன்பதாம் தரத்தில் படித்தபோது, கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார் என்று எங்களை வீதியோரம் நிறுத்தினார்கள். காலை எட்டு மணிக்கு நின்றோம். அவர் வந்தது பன்னிரண்டரைக்கு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்த என் சிநேகிதன் வெயிலில் மயங்கி விழுந்தான். ஆசிரியர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரியவரின் வாகனம் கண்ணாடிகூட இறக்காமல் போய்விட்டது. சனிக்கிழமைப் படங்களில் அந்தச் சிறுவர்களின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது.

"நம்முடைய ஆள்தானே, நாமே எதிர்க்கலாமா?" என்று உட்பெட்டியில் கேட்டவர்களுக்கு: இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் செய்தபோது நாம் எல்லோரும் சேர்ந்துதான் கத்தினோம். அப்போது தவறாக இருந்தது இப்போது எப்படிச் சரியாகிவிட்டது?

அதிபரைத் திட்டாதீர்கள். மறுத்தால் இடமாற்றம் வரும் என்ற பயம் அவருக்கு இருக்கும். ஆனால் ஒரு அதிபர் அப்படிப் பயப்பட வேண்டிய நிலையில் நாம் அவரைத் தனியே விட்டிருக்கிறோம். ஆய்வுகூடம் வேண்டும் என்று பெற்றோர் எத்தனை கடிதம் கொடுத்தோம்? ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தேர்தல் வந்ததும் அது ஒருவர் கையால் தரும் பரிசாகிவிட்டது. 1945இலிருந்து இந்த நாட்டில் கல்வி இலவசம். ஆய்வுகூடம் என் மகளின் உரிமை. அதற்காக அவள் அப்பாவிடம் வாக்குக் கேட்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது, என் அம்மா திருகோணமலை உப்புவெளியிலிருந்து உடுத்த சேலையோடு ஓடிவந்து ஒரு பாடசாலை வகுப்பறையில்தான் படுத்தார். ஒரு பக்கம் முஸ்லிம் குடும்பம், மறுபக்கம் சிங்கள மீனவர் குடும்பம். வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளை அதில் கிடத்தினார்கள். யாரும் யாரிடமும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. அந்தச் சுவரில் இன்று ஒருவருடைய முகம் ஒட்டியிருப்பதைப் பார்க்க எனக்கு அழுகைதான் வருகிறது. கூட்டம் போடக் கடற்கரை இருக்கிறது, கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. அங்கே போடட்டும், நானும் வந்து கேட்கிறேன்.

தேர்தல் ஆணைக்குழுவுக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நாளை காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்பேன். கையொப்பமிட விரும்பும் பெற்றோர் பிள்ளையை விட வரும்போது என்னிடம் வாருங்கள். பேனா கொண்டுவருகிறேன்.