நல்லதை ஒதுக்குவதுதான் கஷ்டம்

மணி என்ன என்று பார்க்கத்தான் போனை எடுத்தேன். வெகுநேரம் கழித்து அதைக் கீழே வைத்தபோதும் மணி என்னவென்று எனக்குத் தெரியாது. பாதியில் விட்ட வாக்கியம் திரையில் அப்படியே நின்றது. அதை எப்படி முடிக்க நினைத்திருந்தேன் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

இதைச் சொன்னால் உடனே "மனக்கட்டுப்பாடு வேணும்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, மீறி நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆட்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். போனைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று போனையே நினைத்துக் கிடந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதனால் இப்போது நான் மனதோடு மல்லுக்கட்டுவதில்லை. வேலைக்கு உட்காரும் முன்பே போன் அடுத்த அறைக்குப் போய்விடும். எழுந்து போய் எடுக்கச் சோம்பலாக இருக்கிறது. என் சோம்பேறித்தனம் எனக்கு உதவிய ஒரே இடம் இதுதான்.

ஆனால் வம்பையும் வதந்தியையும் ஒதுக்குவது சுலபம். நல்ல விஷயங்கள்தான் ஆளை வதைக்கின்றன. பிறகு படிக்கலாம் என்று உலாவியில் நாற்பதுக்கும் மேல் பக்கங்களைத் திறந்து வைத்திருந்தேன். எல்லாமே படிக்க வேண்டியவை, ஒன்றுகூடக் குப்பை இல்லை. ஒரு ராத்திரி தலைப்புகளை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் மூடினேன். நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து யோசித்துப் பார்த்தால் மூன்று தலைப்புதான் ஞாபகம் வந்தது. எனக்குப் பதில் தெரிந்த விவாதங்களில் வாயை மூடிக்கொண்டு கடந்துபோவது இன்னும் கைவரவில்லை. அது வேறு வியாதி.

1999இல் வந்த இன்னொரு ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். வீடியோவில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கண்ணில் அவர் படவே இல்லை. மனிதனின் கவனம் எவ்வளவு மோசம் பாருங்கள் என்பதற்கே இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணச் சொன்னார்கள், எண்ணினார்கள். ஒன்றை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கொடுக்க வேண்டிய விலை அது.

இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன், போன வாரம் வரைக்கும். அன்றைக்கு வேலை நன்றாக ஓடியது. போன் பக்கத்தில் இல்லை, கதவு சாத்தியிருந்தது. மகள் உள்ளே வந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். நான்காவது முறை தோளைத் தட்டினாள்.

"ஏதாவது சொன்னியாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, விடுப்பா" என்று போய்விட்டாள்.

அப்புறம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். என்ன சொல்ல வந்தாள் என்று இன்னும் தெரியவில்லை.