எடுத்த உடனே 9 வேண்டாம்

பழைய ஜில்லெட் அட்ஜஸ்டபிள் ரேசரில், அதாவது எண் வளையத்தைத் திருப்பி 1 முதல் 9 வரை மாற்றக்கூடிய ரேசரில், நேராக 9-ல் வைத்து மழிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எண் கூடக் கூட பிளேடுக்கும் தடுப்புப் பட்டைக்கும் நடுவே இடைவெளி அகலும். பழகாத கை என்றால் தாடை ஓரத்தில் வெட்டிவிடும். 3-ல் தொடங்குங்கள். நான் முடி வளரும் திசையில் முதல் சுற்றுக்கு 5, அப்புறம் குறுக்காக மழிக்க 3 வைக்கிறேன். கழுத்தில் 2-ஐத் தாண்டுவதே இல்லை.

அந்தக் கட்டுரையில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிளேடு இறுகிய நிலையில் எண் வளையத்தைத் திருப்பாதீர்கள். கைப்பிடியின் அடியில் உள்ள குமிழைக் கொஞ்சம் தளர்த்தி, எண்ணை மாற்றி, மறுபடி இறுக்குங்கள். 1958 முதல் 1961 வரை வந்த ஃபேட்பாய் என்ற ஜில்லெட் அட்ஜஸ்டபிள் மாடல் கையில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. உள்பாகம் தேய்ந்தால் சரிசெய்வது மிகவும் சிரமம்.