தரையில் புரளும் பாவாடை

கரீபியன் தீவுகளில் நடக்கும், ஜீன் ரீஸ் எழுதிய 'வைட் சர்காசோ சீ' நாவலை மூன்றாவது முறையாகப் படித்து முடித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறேன். கல்யாணமாகி மலைவீட்டுக்கு வந்த மறுநாள் காலை. வேலைக்காரி கிறிஸ்டஃபீன் காபி கொண்டுவருகிறாள். அவள் பாவாடை தரையில் புரள்கிறது. இங்கிலாந்து மாப்பிள்ளைக்கு அது பொறுக்கவில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் என்ன, அழுக்காகாதா என்கிறான். அது மரியாதைக்காக, பண்டிகைக்கும் பூசைக்கும் அப்படித்தான் என்று, தீவிலேயே பிறந்த வெள்ளைக்காரப் பெண்ணான அவன் மனைவி அன்ட்வானெட் சொல்லிப் பார்க்கிறாள். அவனோ, காரணம் எதுவானாலும் சுத்தமான பழக்கம் இல்லை என்கிறான். உனக்குப் புரியவே இல்லை, அழுக்கானாலும் ஆகட்டும் என்று விடுவது தன்னிடம் வேறு உடுப்பும் இருக்கிறது என்று காட்டத்தான் என்கிறாள் அவள்.

கரீபியனின் பிரிட்டிஷ் தீவுகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834-ல்தான் அமலுக்கு வந்தது. பயிற்சிக்காலம் என்ற பெயரில் விடுதலையானவர்களை 1838 வரை அதே எஜமானர்களுக்கு உழைக்க வைத்தார்கள். கதை அதை ஒட்டிய வருடங்களில் நடக்கிறது. கிறிஸ்டஃபீனே ஒரு காலத்தில் அன்ட்வானெட்டின் அம்மாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். மனுஷியையே பரிசாகக் கொடுத்த ஊரில், என்னிடம் இன்னொரு உடுப்பு இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய பேச்சு!

இரண்டு பண்பாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாத கதை என்று இந்த நாவலைப் பலர் சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அவனுக்கு விளக்கம் கிடைத்தது, அதுவும் பெண்டாட்டி வாயாலேயே. ஆனால் சட்டம் அவன் பக்கம் இருக்கிறது, அதனால் கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

அந்தச் சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். கல்யாணத்தோடு முப்பதாயிரம் பவுண்டு அவன் கைக்குப் போகிறது. பெண் பெயரில் எதையாவது எழுதி வையுங்கள் என்று கோரா அத்தை சண்டை போடுகிறாள். மாற்றாந்தகப்பனின் மகன் ரிச்சர்ட் கேட்பதாக இல்லை. கடைசியில் அத்தை தன் மோதிரங்களை ஒரு பட்டுப் பையில் போட்டு, புருஷனிடம் காட்டாதே, ஒளித்து வை என்று அன்ட்வானெட்டிடம் கொடுக்கிறாள். அவ்வளவு சொத்துக்காரிக்குச் சொந்தமாக மிஞ்சியது அந்தச் சின்னப் பைதான். கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வர 1882 ஆனது.

அப்புறம் அன்ட்வானெட் கிறிஸ்டஃபீனிடம் போய் அழுகிறாள். அவனை விட்டுப் போய்விடு என்கிறாள் கிறிஸ்டஃபீன். எப்படிப் போவேன், என் பணமெல்லாம் அவனுடையது என்று அன்ட்வானெட் சொன்னதும் அவள் திகைத்துப் போகிறாள். மூன்று பிள்ளை, மூன்று தகப்பன், புருஷன் என்று யாரும் கிடையாது, தன் காசு தன்னிடம் என்று வாழ்பவள் அவள். நாவலில் கண்ணைத் திறந்துகொண்டு இருப்பவள் இந்த ஒருத்திதான்.

அந்த ஆண் மேல் எனக்கு இரக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூத்தவனுக்கே எல்லாம் என்ற வழக்கத்தில் பிறந்த இளைய மகன். அப்பாவும் அண்ணனும் அவனைக் கடல் கடந்து பெண்ணுக்கும் பணத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். வந்த புதிதில் தலையில் சூடிக்கொண்ட பூவளையத்தைக் கழற்றுகிறான், கீழே விழுகிறது, ஜன்னல் பக்கம் போகும்போது அதையே மிதித்துவிடுகிறான். அறையெல்லாம் நசுங்கிய பூவின் மணம். தனக்குப் பட்ட அடியை அவன் இறக்கி வைத்தது தன்னைவிட வலுக்குறைந்தவள் மேல். அதை மன்னிக்க என்னால் முடியவில்லை. பெர்த்தா என்று பெயரைக்கூட மாற்றிக் கூப்பிடுகிறான். இதுவும் ஓபியாதான் என்கிறாள் அவள். ஓபியா என்றால் அந்தத் தீவுகளின் மந்திர வித்தை. அதற்காகக் கிறிஸ்டஃபீனைச் சிறையில் போட்ட சட்டம், ஒரு பெண்ணின் பெயரையும் பணத்தையும் பிடுங்கியவனைத் தொடவில்லை.

அன்ட்வானெட்டும் குற்றமற்றவள் இல்லை. சின்ன வயதில் கூட விளையாடிய கறுப்புப் பெண் டியாவை நிறத்தைச் சொல்லித் திட்டியவள். ஊர்க் கறுப்பின மக்கள் தீ வைத்து வீடு எரிந்த இரவில் டியா எறிந்த கல் அவள் முகத்தில் படுகிறது. ஒருத்தி முகத்தில் ரத்தம், மற்றவள் முகத்தில் கண்ணீர். கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது என்கிறாள். கல்லுக்கும் முன்னால் ஒரு பேச்சு நடந்திருந்தது: தோட்டத்துக்குக் கிழக்கிந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவரப் போவதாக மாற்றாந்தகப்பன் மேசன் சாப்பாட்டு மேசையில் சொன்னதை வேலைக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். 1845-ல் முதல் இந்தியக் கூலிக் கப்பல் நிஜமாகவே ஜமைக்காவுக்கு வந்தது.

விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக், கிறிஸ்டஃபீனை நாவல் பாதியில் வெளியே அனுப்பிவிடுகிறது என்று 1985-ல் எழுதினார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது, வேறு விஷயங்கள் தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அந்த வீட்டிலிருந்து தன் காலால் நடந்து வெளியே போனவள் அவள்.

அன்ட்வானெட்டைக் கப்பலில் ஏற்றி, இங்கிலாந்தில் ஒரு மேல்மாடி அறையில் பூட்டுகிறார்கள். பைத்தியக்கார மனைவி ஒருத்தி மேல்மாடியில் பூட்டப்பட்டிருக்கும் ஷார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த அறை தெரியும். அங்கே அவளிடம் ஒரு சிவப்பு உடுப்பு இருக்கிறது. முகர்ந்தால் வெட்டிவேர், பட்டை, புழுதி, பூத்த எலுமிச்சை. அந்த வெட்டிவேர் என்ற பெயர் நம் தமிழிலிருந்து அங்கே போனது. தனக்குத் தெரியாமல் உடுப்பையே மாற்றிவிட்டார்களோ என்று பயப்படுகிறாள். பிறகு உடுப்பைக் கைநழுவ விடுகிறாள். தரை முழுக்க நெருப்பு பரவியதுபோல் அது கிடக்கிறது.